உடம்போடு ஒட்டிய ரப்பர்ச் சட்டை

காட்டில் ஒளிந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தில் எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் கூட்டமாகத்தான் வெளியே போக வேண்டும். தனியாகப் போக அனுமதி இருந்த ஒரே ஆள் நான். சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் அது. ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் இழுக்கும் குழாயின் வாயை ஆற்றுக்குள் இலையும் சகதியும் அடைத்துக்கொள்ளும். நான் முங்கி எடுப்பேன். என்னை ஏன் எதற்கென்று கேட்க ஆளில்லாத நேரம் ஒரு நாளில் அது ஒன்றுதான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தொல்லை அட்டைதான். குளிர் வேறு. மழைக்குப் போர்த்திக்கொள்ளும் துணியில் ரப்பர் பால் பூசிக் காயவைப்பது எங்கள் வழக்கம். அதுபோல உடம்பு முழுக்க மூடுகிற மாதிரி ஒன்று செய்துகொள்ள நினைத்தேன். வண்டி அச்சைத் தூக்கித் தூக்கி வளர்த்த தோள் எனக்கு. பீடோங் தையல்காரர் நாடாவை என் மார்பில் சுற்றிவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, மார்புக்குத் தச்சா இடுப்புல இன்னொரு ஆள் குடியிருக்கலாம்லா."

சொன்னபடியே தைத்தும் கொடுத்தார். ஆற்றில் இறங்கியதும் இடுப்பு வழியாகத் தண்ணீர் புகுந்து என்னைக் கீழே இழுத்தது. கரையேறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வழி கண்டுபிடித்தவன் என் கூட்டாளி. என்னோடு அச்சு தூக்குகிறவன். வேலி வாசலில் காவல் வேலை. "போட்டுக்கிட்டே நில்லு, மேல பூசுறேன்" என்றான். தொளதொளத்த இடங்களை உடம்போடு பிடித்துத் தைத்தான். வாளியடியில் மிஞ்சிய பாலை அடுக்கடுக்காகப் பூசினான். நான் வயல் பொம்மை மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றேன். காய்ந்ததும் அப்படியொரு அளவு! கழற்றும்போது நெஞ்சு மயிர் பாதி அதோடு போனது, அது வேறு கதை. அட்டை ஒன்றுகூட அண்டவில்லை.

ஒருநாள் காலை வாசலில் டவுன் போலீஸ்காரர்கள் இருவர் நின்றார்கள். ரப்பர்ச் சட்டைக்குள் அரிசி வைத்துக் காட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோகிறேனாம். "ரேஷன் அரிசியில இந்த உடம்பு எப்படி வந்துச்சு?" என்று ஒருவன் கேட்டான். மெதுவாகக் கழற்றுகிறேன் என்றேன். பொறுமையில்லை, கழுத்திலிருந்து இடுப்புவரை கத்தியால் கிழித்தான். உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன். அவர்கள் போய்விட்டார்கள். ஆனால் சந்தேகப்பட்ட ஆளை இனி வேலிக்கு வெளியே தனியாக விட முடியாது என்று ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கிராணி சொல்லிவிட்டார்.

சாயங்காலம் கூட்டாளி வந்தான். எதையும் மறைக்கவில்லை.

"யாராச்சும் ஒருத்தன் பேரச் சொல்லியே ஆகணும்னு போலீஸ்ல நெருக்குனாங்க. மத்தவன் பேரச் சொன்னா ஏதாச்சும் கெடச்சிரும். உங்கிட்ட ஒன்னும் இருக்காதுன்னு எனக்குத் தெரியும்லா."

ஆகாதவன் காட்டிக்கொடுத்திருந்தால் நாலு வசவோடு போயிருக்கும். இவன், நான் யோக்கியன் என்பதற்காகவே என்னைப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். இன்றுவரை எனக்கு அது செரிக்கவில்லை.

"இனிமே ஆத்துல யாரு எறங்குறது?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "என்னத்தான் எறங்கச் சொல்லியிருக்காரு கிராணி." வாசல்வரை போய்த் திரும்பினான். "அட்டை ரொம்பக் கடிக்குமா?"

"கடிக்கும்" என்றேன். அவனோடு நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.