பச்சைப் புள்ளியும் குங்குமப் பொட்டும்

குரோம்பேட்டையில் ஒரு சின்ன எசென்ஸ் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அது என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அம்மா சேலையூர் முழுக்க "பிஸ்கெட் பண்றா" என்று சொல்லிவைத்திருந்தாள். நான் பண்ணியது பிஸ்கெட் அல்ல, காகிதம். பிஸ்கெட்டிலும் ஐஸ்கிரீமிலும் போடுகிற வாசனைப் பொடிகள் சட்டப்படிதான் இருக்கின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை.

அதில் எனக்குப் பிடித்தது சாம்பிள் அலமாரி. ஒவ்வொரு முறை பொடி தயாரிக்கும்போதும் ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் எடுத்து லேபிள் ஒட்டி வைப்பேன். லேபிள் மூலையில் பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், பழுப்புப் புள்ளி என்றால் அசைவம். அந்தப் புள்ளி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. எனக்கு அதன்மேல் ஒரு கிறுக்கு. கட்டம் கோணலாக இருந்தால் சோறு இறங்காது.

ஒரு பெரிய இனிப்புக் கம்பெனி எங்கள் ஏலக்காய்ப் பொடியை வாங்க முன்வந்தது. அதன் முதலாளிகள் வெங்காயம்கூடத் தொடாதவர்கள். அவர்களுடைய அதிகாரி வந்து பார்த்துச் சரி என்றால்தான் ஆர்டர். "ஆடிட் போச்சுன்னா, உன்னை பர்மனென்ட் பண்றதப் பத்தி நாம பேசவே வேணாம்மா" என்றார் மேனேஜர் சிரித்துக்கொண்டே. அவர் சிரித்துக்கொண்டே சொன்னால் நிஜம் என்று அர்த்தம்.

அதிகாரி வருவது விஜயதசமிக்கு மறுநாள். பூஜை லீவு முடிந்து காலையில் அலமாரியைத் திறந்தேன். ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற அக்கா ஆயுத பூஜையில் ஒரு குறையும் வைக்கவில்லை. தராசுக்குப் பொட்டு, ஸ்டேப்ளருக்குப் பொட்டு, தீயணைப்பு சிலிண்டருக்கும் பொட்டு. என் பாட்டில்கள் அத்தனையிலும், மிகச் சரியாக அந்தக் கட்டத்துக்குள், சந்தனமும் அதன்மேல் குங்குமமும். காய்ந்து நல்ல பழுப்பாகியிருந்தது. ஒரே பூஜையில் மொத்தக் கம்பெனியும் அசைவம்.

"என்னக்கா இது!"

"பொட்டு வெக்கறதுக்குன்னே கட்டம் போட்டு குட்த்துகீறியேம்மா. அதான் வெச்சேன். ஒண்ணுகூட வெளிய போல, பாரு."

அது உண்மைதான், ஒன்றுகூட வெளியே போகவில்லை. ஈரத்துணியால் ஒரு பாட்டிலைத் துடைத்தேன். குங்குமம் கரைந்து கட்டமும் பழுப்பானது. இரண்டாவதை எடுப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்துவிட்டாள். "சாமிக்கு வெச்ச பொட்ட அழிக்காதம்மா!"

அதிகாரி வந்தார். ஒரு பாட்டிலை எடுத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இது அசைவமா?"

"இல்ல சார். பொட்டு."

"இது?"

"அதுவும் பொட்டுதான் சார்." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கீழ பச்சைதான் இருக்குன்னு நான் எப்படி நம்புறது?"

எந்தப் பொடியில் என்ன போட்டோம், எங்கே வாங்கினோம் என்கிற காகிதங்களையெல்லாம் மேஜையில் கொண்டுவந்து கொட்டினேன். இரண்டு மணி நேரம் படித்தார். நடுவில் கணக்குப் போட கால்குலேட்டரை எடுத்தார். அதன் நெற்றியிலும் ஒரு பொட்டு இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கணக்கைத் தொடர்ந்தார்.

கடைசியில் ஒரே ஒரு குறை எழுதினார்: பொட்டு வைக்கும் இடம் குறித்து எழுத்துப்பூர்வமான விதி இல்லை. அதை எழுதிக் கொடுத்தால் ஆர்டர் உண்டு என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். "பொட்டு மூடியின்மேல் மட்டுமே வைக்கப்பட வேண்டும். வேறெங்கும் வைக்கக் கூடாது." அக்காவுக்கு வாசித்துக் காட்டி அவளிடமும் கையெழுத்து வாங்கினேன். ஆர்டர் வந்தது, நானும் பர்மனென்ட் ஆனேன். அம்மா தெருவுக்கே பிஸ்கெட் கொடுத்தாள்.

அடுத்த ஆயுத பூஜையில் எல்லாப் பாட்டிலுக்கும் மூடியில்தான் பொட்டு. கட்டங்கள் பளிச்சென்று பச்சையாக இருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் அக்கா என்னிடம் வந்தாள். நெற்றியை நீட்டினேன்.

"மூடில மட்டும்தானேம்மா வெக்கணும்?" என்று கேட்டுவிட்டு, என் உச்சந்தலையில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை வைத்தாள்.

நீட்டிய நெற்றியை இழுத்துக்கொண்டேன். விதியில் கையெழுத்துப் போட்டவள் நான்தானே.