செவ்வந்திக்குக் குளிரும் என்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மனிதனுக்குக் குளிர்ந்தால் செடிக்கும் குளிரும் என்று நம்பியவன் நான். சிரிக்க வேண்டாம். அப்போது கனடாவில் ஒரு பனிக்காலத்தையேனும் முழுதாகப் பார்த்திராதவன். ஒக்ரோபரிலேயே இரண்டு காற்சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற ஆளிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?

நேற்று மார்க்கம் நகரில் ஒரு மரக்கறிக் கடை வாசலில், பூசணிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் செவ்வந்திச் சாடிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மனைவி உள்ளே வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன். அந்தக் கசப்பு வாசம் ஏறியதும் இலையை எறிந்துவிட்டு ஓரடி பின்வாங்கினேன். பூவைப் பார்த்துப் பதறுகிற மனிதன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில், ஒரு வீட்டுப் பேஸ்மென்றில் நானும் நண்பன் ரவியும் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்கார அன்ரி தனியாக. அவருடைய கணவர் முந்திய வருடம் தவறிப்போயிருந்தார். பின்வளவில் அவர் நட்ட செவ்வந்திகள் நின்றன. கதவோரம் மஞ்சள், வேலியோரம் கருஞ்சிவப்பு. பூக்கிற காலத்தில் அன்ரி தினமும் ஒரு மஞ்சள் பூவைப் பறித்துக் கணவரின் படத்துக்கு வைப்பார். பூ முடிகிற தறுவாயில், மகளின் பிள்ளைப்பேறு பார்க்க லண்டனுக்குப் புறப்பட்டார். காரில் ஏறியபின் கண்ணாடியை இறக்கினார்.

“தம்பி, செவ்வந்தியளைப் பாத்துக்கொள்ளும். அவர் வைச்சது.”

“என்ன செய்யோணும் அன்ரி?”

“ஒண்டும் செய்யாதையும். அதுகள் தன்பாட்டிலை நிக்கும்.”

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் எனக்கு வராத வேலை. பஸ் கொஞ்சம் பிந்தினால் அடுத்த தரிப்பிடத்துக்கு நடக்கத் தொடங்கி, நடுவழியில் பஸ்ஸைத் தவறவிடுகிற ரகம் நான். முதல் உறைபனி விழுந்த காலை எட்டிப் பார்த்தேன். செடியெல்லாம் வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின.

“டேய், எல்லாம் சாகுதடா!”

இரவு வேலை முடித்துப் படுத்திருந்த ரவி, போர்வைக்குள் இருந்தபடியே, “பேந்தென்ன, அதுகளுக்கும் ஒரு அகதிக் கேஸ் போடு மச்சான்” என்றான்.

அவன் பகிடிக்குச் சொன்னான். நானோ அடைக்கலம் கொடுக்க மண்வெட்டியோடு ஓடினேன். மஞ்சள் முழுவதையும் கிளப்பியாயிற்று. சிவப்புக்கு வர மண்வெட்டிப் பிடி முறிந்தது. குப்பை எடுக்கிற நாளைத் தவறவிட்டதில் மிஞ்சிய சருகுப் பைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், சிவப்பின் மேல் கொட்டிவிட்டு வந்தேன். அவை போனது போனதுதான் என்று நினைத்தேன்.

மஞ்சளைப் பெயின்ற் வாளிகளிலும் எங்கள் சோற்றுப் பானையிலும் நட்டு, வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் இருந்த அறைக்குள் வைத்தேன். எங்கள் சாமிப் படங்களும் அங்கேதான் இருந்தன. சூடும் உண்டு, தெய்வமும் உண்டு, வேறென்ன வேண்டும்? சில கிழமைகளில் துளிர் விட்டது. எனக்கு வந்த பெருமையைப் பார்க்கவேண்டும்.

அன்ரி ஞாயிறுதோறும் தொலைபேசி எடுப்பார். பைப் உறைந்ததா, கதவு பூட்டினதா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், குரலைத் தணித்து, “செவ்வந்தி?” என்பார்.

“துளிர்க்குது அன்ரி!”

“ஸ்னோவுக்குள்ளையோ?”

லைன் சரியில்லை என்று ரிசீவரை வைத்துவிட்டேன்.

பிறகு அந்தத் துளிர்கள் வெளிறி, நூல்போல நீண்டு, மின்குமிழை நோக்கி வளைந்தன. பச்சைப் பேன் பிடித்தது. தண்ணீர் விட்டேன், தேயிலைச் சாயம் விட்டேன், சாமிக்குக் காட்டிய கற்பூரத்தை அவற்றுக்கும் காட்டினேன். “உன்ரை அன்பு தாங்கேலாமல் விழுதுகள்” என்றான் ரவி. பொங்கலுக்கு முன்பே எல்லாம் காய்ந்துபோயின.

ஏப்ரலில் மஞ்சள் செவ்வந்தி தேடி ஒஷாவா வரை அலைந்தேன். வசந்தத்தில் செவ்வந்தி விற்கிற கடை ஒன்றுகூட இல்லை. ஒரு கடையில் பிளாஸ்டிக் பூங்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மண்ணில் குத்தினால் அன்ரிக்குத் தெரியுமா என்று யோசித்ததும் நான்தான்.

அன்ரி வந்திறங்கியதும் பெட்டியை வாசலில் விட்டுவிட்டு நேரே பின்வளவுக்குப் போனார். பாடமாக்கிய பொய்களோடு நான் பின்னால். வேலியோரச் சருகைக் காலால் ஒதுக்கினார். பழைய அடிக்கட்டையைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று குருத்துகள்! சிவப்பு. நான் கைவிட்ட சிவப்பு.

“ஐயோ அன்ரி, உயிரோடை இருக்குது!” என்று கத்தினேன். எனக்கே புதினமான செய்தி என்பது குரலில் தெரிந்திருக்கும்.

அவர் கதவோரக் குழிகளைப் பார்த்தார்.

“மஞ்சளை உள்ளுக்கை கொண்டு போனனீரோ?”

“ஓம் அன்ரி… குளிருமெண்டு…”

படியில் உட்கார்ந்தார். திடீரென்று சிரிக்கத் தொடங்கினார்.

“அவரும் வந்த புதிசிலை உப்பிடித்தான். செடியளைக் குளிக்கிற தொட்டிக்கை வைச்சு, எங்களைக் குளிக்க விடேல்லை.”

அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் சிரிப்பாக இல்லாமல் போனதென்று எனக்குத் தெரியாது. நான் குனிந்து குழிகளை மூடத் தொடங்கினேன்.

பிறகு அன்ரி வீட்டை விற்று மகளோடு லண்டனில் இருந்துவிட்டார். வாங்கியவர்கள் பின்வளவு முழுவதற்கும் கல் பதித்தார்கள். ரவி இப்போது ரூஜ் பகுதியில் வீடு வாங்கி, புல் வெட்டவும் ஆள் பிடித்து வைத்திருக்கிறான்.

ஆனால் வீட்டை விற்க முன்பு, அன்ரி திரும்பி வந்த அந்த வருட இலையுதிர்காலத்தில், வேலி நிறையச் சிவப்பு பூத்தது. அன்ரி அதில் ஒன்றைப் பறித்துப் படத்துக்கு வைத்தார். மஞ்சள் திரும்ப முளைக்கவில்லை.