இரண்டு தட்டு, பிறகு ஒன்று

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா திண்டிவனம் பக்கம் செங்கல் சூளையில் வேலை பார்த்தார், இன்றைக்கும் கைநாட்டுதான். தெருவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நான் அறிவியல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கே நின்று சண்டை போடுவேன். பாரிசுக்குப் படிக்க வந்து, மென்பொருள் சோதனை வேலையில் சேர்ந்து, பாரிசை ஒட்டிய பொண்டியில் அறை எடுத்துத் தங்கி ஆறு வருஷம் ஆகிறது. பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த ஏரியில் நடந்ததில் பிழை எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மூடுபனியில் காது ஏமாற்றும் என்பீர்கள். சொல்லுங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் யூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கை மன்னார்க்காரன், என் வயதுதான், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ரூ லூயி-பிளாங் தெருப் பக்கம் ஒரு போன் கடையில் ரிப்பேர் பார்க்கிறான். கால்வாயில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது என் போன் தண்ணீரில் விழுந்து, அதை அவனிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்தவன் இடுக்கியால் ஒரு பச்சைத் துணுக்கை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தான்.

"இது கால்வாய்ப் பாசி. என்ன போட்டுப் பிடிக்கிறனீர்?" என்றான்.

போன் பிழைத்ததோ இல்லையோ, அன்று சாயங்காலமே நாங்கள் 'மச்சான்' ஆகிவிட்டோம்.

இரண்டு பேருக்கும் பைத்தியம் ஒன்றுதான்: பிளாக் பாஸ் மீன். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பச்சை முதுகு, விலாவில் கருப்பாக ஒரு கோடு, கண்ணுக்குப் பின்னால் வரை கிழிந்து திறக்கிற வாய். விழுந்த மரத்தடியில் அசையாமல் நிற்கும், இரை நெருங்கும்வரை பொறுத்திருந்து ஒரே பாய்ச்சல், தூண்டிலில் பட்டதும் தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும் பாருங்கள், அப்போது நமக்கு மூச்சு நின்றுவிடும். முட்டை இட்ட பிறகு தாய் போய்விடும், ஆண் மீன்தான் சரியாகச் சாப்பிடக்கூடச் செய்யாமல் குஞ்சு பொரியும்வரை காவல் நிற்கும். இதை முதலில் படித்தபோது எனக்கு சூளையில் நிற்கிற அப்பா ஞாபகம் வந்தது. அப்படிப்பட்ட மீனைக் கொல்ல மனசு வராது. கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்து, முள்ளைக் கழற்றி, தண்ணீரில் தாழ்த்தினால் வாலால் மணிக்கட்டில் ஒரு அடி கொடுத்துவிட்டுப் போகும். இங்கே எல்லோருமே விட்டுவிடுகிறவர்கள்தான்.

யூட்டின் கடைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அண்ணைக்கு மட்டும் இது பிடிபடவே இல்லை. "நாலு மணிக்கு எழும்பி, குளிருக்கை போய், பிடிச்ச மீனுக்கு முத்தம் குடுத்து விடுறியளாம். உங்கள் ரெண்டு பேருக்கும் விசரோ? ஒண்டைக் கொண்டு வாங்கோ, ஒரு குழம்பு வைச்சுக் காட்டுறன்" என்பார், பார்க்கும்போதெல்லாம்.

எனக்குப் படிப்பு, யூட்டுக்குக் கை. தண்ணீரின் வெப்பம், ஆழம், காற்றின் திசை எல்லாம் நான் குறிப்பு எடுப்பேன், அவன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மீனைப் பிடிப்பான். நம்பினால் நம்புங்கள், தலைமுடி அளவு கம்பியை ஒட்டுகிற அந்த விரல்கள் தூண்டிலைப் பிடித்தால் நூல் தண்ணீரைத் தொடுகிற சத்தம்கூடக் கேட்காது. உடைந்த துடைப்பக் கட்டையைச் செதுக்கி அவனே ஒரு பாப்பர் செய்திருந்தான். பாப்பர் என்பது நீர்மேல் மிதக்கிற பொய்மீன், முகம் குழிந்திருக்கும், நூலைச் சுண்டினால் தண்ணீரை விழுங்கித் துப்பும். அவனுடையதற்குக் கண் என்னவென்றால் போனிலிருந்து கழற்றிய இரண்டு குட்டித் திருகாணி. கடையில் வாங்குகிற பாப்பர் 'ப்ளப்' என்று கத்தும், இது 'ப்ளொக்' என்று அடித்தொண்டையில் பேசும். உலகத்திலேயே அப்படி ஒன்றுதான் இருந்தது.

அதை அவன் போடும் விதம் தனி. இரண்டு தட்டு. பிறகு தண்ணீரில் எழுந்த வட்டம் பெரிதாகிப் பெரிதாகி முழுக்க அழிகிறவரை கையை அசைக்கமாட்டான். பிறகு ஒன்று. அந்த ஒன்றில்தான் மீன் அடிக்கும். எனக்கு அந்தப் பொறுமை வரவே இல்லை, மூன்றையும் ஒரே மூச்சில் அடித்துவிடுவேன்.

"மச்சான், உது மீனைக் கூப்பிடுற மாதிரி இல்லை, கதவைத் தட்டிப் பொலிஸ் வந்த மாதிரிக் கிடக்கு" என்பான்.

எங்களிடம் மிதவை நாற்காலி ஒன்றுதான் இருந்தது. காற்றடைத்த இரண்டு கைப்பிடி, நடுவில் உட்காரப் பலகை, மார்பளவு ரப்பர் உடை போட்டு உட்கார்ந்து, காலில் துடுப்பை மாட்டி உதைத்துப் போக வேண்டும். ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: அதில் முன்னால் போக முடியாது, முதுகுப் பக்கமாகத்தான் போகலாம். பழசாக வாங்கியது, இடது பக்கம் ஊசி அளவு ஓட்டை. யூட் அதைக் கடையில் போன் திரை ஒட்டுகிற பசையால் ஒட்டினான். கண்ணாடியைப் பிடிக்கிற பசை ரப்பரைப் பிடிக்காதா என்றான். எனக்கும் சரி என்றுதான் பட்டது, படித்தவன் நான், ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அக்டோபர் தொடக்கம். பாரிசுக்குக் கிழக்கே, மணல் அள்ளிய பள்ளத்தில் நீர் நிறைந்து ஏரியான இடம், கரையிலிருந்து நாலு எட்டு வைத்தால் ஆழம். விடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முந்தின நாள் யூட் நேரங்கழித்துத்தான் கடையை மூடியிருந்தான், கண் செருகியது.

"நீ முதல் போ. நான் காருக்கை ஒரு அரை மணித்தியாலம் கண்ணை மூடுறன். பெட்டியைக் கொண்டு போ, ஆனா பொப்பரைத் தொடாதை. வெயில் வர நான் போடுறன், உன்ர அவசரம் அதுக்குத் தாங்காது."

"போடா, நீயே வச்சுக்க" என்றேன். அவன் தூண்டில் உறைக்குள்ளேயே பின்சீட்டில் கிடந்தது. போனைத் தண்ணீரில் போட்டால் மூன்றாவது தடவை பார்க்கமாட்டேன் என்று அவன் சொல்லியிருந்ததால் என் போனைக் காரிலேயே வைத்தேன். உயிர்காப்புச் சட்டையும் காரில்தான், கை வீச இடைஞ்சல் என்று. பாப்பர் இருந்த தூண்டில் பெட்டியை நாற்காலியின் பக்கப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு இறங்கினேன்.

தண்ணீர் கண்ணாடி. விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் கிளைக்குள் ரப்பர்ப் புழுவை விட்டேன். நூல் மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது, சுண்டினேன், அடுத்த நொடி அது மேலே எழுந்தது. என் முழங்கை நீளம் இருக்கும், பொய் சொல்லவில்லை. செவுளை விரித்துத் தலையை உதறி, மூன்று தடவை துள்ளி, என்னை நாற்காலியோடு இழுத்துச் சுற்றி, கடைசியில் கைக்கு வந்தது. அந்தப் பச்சையை எந்தப் படத்திலும் நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். கும்பிடத் தோன்றியது. விட்டேன். விட்டுவிட்டு நிமிர்ந்தால் கரை இல்லை.

மூடுபனி. எப்போது இறங்கியது என்று தெரியாது, நீட்டிய என் தூண்டிலின் நுனியே தெரியவில்லை. அப்போதுதான் இடது முழங்கைக்குக் கீழே குமிழி விடுகிற சத்தம் கேட்டது. ஒட்டு விட்டுவிட்டது.

பதறாதே என்று சொல்லிக்கொண்டு ஒரே திசையில் உதைத்தேன். ரொம்ப நேரம் உதைத்து ஒரு கிளையில் முட்டினேன். அதே மரம். இடது பக்கம் தாழ்ந்ததால் வட்டமடித்திருக்கிறேன். யூட், யூட் என்று கத்தினேன், பனி வாயிலேயே துணி வைத்து அடைத்தது போல இருந்தது. இடது கைப்பிடி மடங்கியது, ரப்பர் உடையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். உள்ளே நிறைந்தால் கல் கட்டின மாதிரி இறங்கும். எனக்கு நீச்சல் கிணற்று நீச்சல்தான். சாவைவிட ஒன்று பயமாக இருந்தது: அப்பா பேருக்கு பிரெஞ்சில் ஒரு கடிதம் போகும், அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் யாரிடம் படிக்கச் சொல்லி நிற்பார்?

அப்போது கேட்டது.

ப்ளொக். ப்ளொக்.

வட்டம் அழிகிற நேரம்.

ப்ளொக்.

அழுகையே வந்துவிட்டது. யூட் விழித்துவிட்டான். குரல் பனியில் சிதறும், இந்தச் சத்தம் தண்ணீரோடு வரும் என்று யோசித்துப் போடுகிறான், என்ன மூளை இவனுக்கு என்று அந்த நேரத்திலும் வியந்தேன். முதுகை அந்தப் பக்கம் திருப்பி உதைத்தேன். இரண்டு, காத்திருப்பு, ஒன்று. நான் மூச்சு வாங்கி நின்றபோதும் அது அவசரப்படவில்லை, நிற்கவும் இல்லை. பார்க்க முடியாது, பிடரிக்குப் பின்னால் சத்தம் மட்டும் கிட்டக் கிட்ட வந்தது. தண்ணீர் மார்பு விளிம்பைத் தொட்டபோது குதிகால் சேற்றில் புதைந்தது. அதே நொடி ஒரு கை என் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்தது.

"விசரா! தொண்டை கிழியக் கத்துறன், ஒரு சத்தம் குடுக்கமாட்டியோ?"

யூட்தான். கடைக்குப் போடுகிற ஷூவோடு முழங்கால் தண்ணீரில் நின்றான்.

"நீ கத்துனது கேக்கவே இல்லடா. பாப்பர் சத்தத்த வச்சுத்தான் வந்தேன். நல்ல வேளை அத போட்ட."

"நான் எங்கை போட்டன்? நீயெல்லோ போட்டுக்கொண்டு நிண்டனீ! அந்தச் சத்தத்திலைதானே நான் கரையாலை நடந்து வந்தனான்."

அவன் கையைப் பார்த்தேன். ஒரு கையில் போன், மறு கையில் என் கழுத்துப்பட்டி. தூண்டில் இல்லை. நான் பக்கப் பையின் ஜிப்பை இழுத்துப் பெட்டியைத் திறந்தேன். தன் இடத்தில் படுத்திருந்தது பாப்பர், திருகாணிக் கண்ணோடு. என் நூல் நுனியில் ரப்பர்ப் புழு அப்படியே தொங்கியது.

இரண்டு பேரும் பேசவில்லை. நாணலுக்கு முன்னால், எங்களிடமிருந்து இரண்டு ஆள் நீளம் தள்ளி, தண்ணீரில் ஒரு வட்டம் விரிந்துகொண்டிருந்தது. யாராவது நிற்கிறீர்களா என்று யூட் பிரெஞ்சில் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை. பிறகுதான் அவன் பிய்ந்து தொங்கிய ஒட்டைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் ஒட்டினது மச்சான்" என்றான்.

காரில் சூடு போட்டு உட்கார்ந்து, நடுக்கம் அடங்கின பிறகு சொன்னேன், "உன் தட்டுதான்டா. ரெண்டு, அப்புறம் ஒண்ணு. எனக்குத் தெரியாதா?"

அவன் தலையை ஆட்டினான். "இல்லை. மூண்டு. பொலிஸ் தட்டுற மாதிரி மூண்டு. உன்ர தட்டு. அதாலைதான் நீ எண்டு நம்பி வந்தனான்."

பயத்தில் பிறகு கற்பனை செய்துகொண்டோம் என்று நானே முடித்திருப்பேன். ஆனால் காரில் என் போனை எடுத்தால் அதில் அவனுடைய குரல் செய்தி ஒன்று இருந்தது. பனியைப் பார்த்து எழுந்தவன், என் போன் காரில் கிடப்பது தெரியாமல் எனக்குப் போன் போட்டபடியே கரையில் நடந்திருக்கிறான், அணைக்க மறந்திருக்கிறான். அதில் அவன் மூச்சு, நடக்கிற சத்தம், கத்தல், பிறகு நிம்மதியோடு தனக்குத்தானே பேசுகிறான்: "ஓ, கேக்குது, கேக்குது... மூண்டு மூண்டா அடிக்கிறான் விசரன், வட்டம் அழிய விடமாட்டான்..." அவன் அப்படிச் சொல்கிறான், ஆனால் பதிவில் தட்டுச் சத்தம் இல்லை. ஒரு வாத்து மட்டும் கத்துகிறது.

இப்போது எங்களிடம் புது மிதவை இரண்டு இருக்கின்றன, உயிர்காப்புச் சட்டை இல்லாமல் கால் நனைப்பதில்லை. அந்தப் பாப்பர் கடையில் யூட்டின் வேலை விளக்குக்கு மேலே தொங்குகிறது, 'விற்பனைக்கு அல்ல' என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறான். சாப்பாட்டுக்கடை அண்ணை அந்தக் குரல் செய்தியைக் கேட்டுவிட்டு, "ரெண்டு விசரருக்கும் ஒரே கனவு" என்றார். சிரித்தோம்.

ஆனால் அவர் முழுக்கக் கேட்கவில்லை. செய்தி அந்த வாத்தோடு முடியாது. நாங்கள் கரையில் சண்டை போட்டதும் அதில் இருக்கிறது. "நான் எங்கை போட்டன்" இருக்கிறது. ஜிப் இழுபடுகிறது, பெட்டியின் மூடி திறக்கிற சத்தம். பிறகு நாங்கள் இருவரும் பாப்பரைப் பார்த்தபடி வாயடைத்து நின்ற அந்தச் சில நொடி அமைதி. அந்த அமைதிக்குள், இரண்டு பேருமே அன்றைக்குக் கேட்காத ஒன்று, தெளிவாக, அடித்தொண்டையில்:

ப்ளொக்.

ஒரே ஒரு தடவை. மீன் துள்ளியிருக்கும் என்று நீங்களும் சொல்வீர்கள். இருக்கலாம். யூட் அதை இன்றைக்கும் என்னுடைய மூன்றாவது தட்டு என்கிறான். நான் கேட்கும்போதெல்லாம் அது வட்டம் முழுக்க அழிந்த பிறகு வருகிற அவனுடைய ஒன்று.