ஜெயலட்சுமியின் புல்தரை

தீவில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் சொந்தமாக ஒரு வீடு வாங்கியபோது ஜெயலட்சுமிக்கு வயது நாற்பது. கடலூரிலிருந்து கப்பலேறி வந்து, துறைமுக அலுவலகத்தில் டைப்பிஸ்டாகப் பதினான்கு வருடம் கழித்திருந்தாள். அத்தனை வருடமும் ஹேடோ குவார்ட்டர்ஸ் வாசம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

வீட்டைத் தேடிக் கொடுத்தவள் சூசைமேரி. தூத்துக்குடிக்காரி, ஆஸ்பத்திரி நர்ஸ். ஜெயலட்சுமியோடு ஐந்து வருடம் ஒரே அறையில் இருந்தவள். பைப் ஃபிட்டர் தாமஸோடு அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது மெயின்லேண்டிலிருந்து யாராலும் வர முடியவில்லை. பெண் வீட்டாராகக் கோயிலில் நின்றது ஜெயலட்சுமிதான்.

“எங்க வீட்டுக்கு நேர் மேல்மனைதான்க்கா. கூப்பிட்டா கேக்கும்” என்று மேரி சொன்ன பிறகு அவள் வேறு வீடு பார்க்கவில்லை.

மனையின் மேல்முனையில் ஓர் ஊற்றும், அது நிறைக்கும் சிமெண்ட் தொட்டியும் இருந்தன. ஜெயலட்சுமி வாசலில் புல்தரை போட விரும்பினாள். கையெழுத்து வாங்குவதற்காக அதிகாரி பங்களாவின் வராந்தாவில் எத்தனையோ காலைகள் நின்றிருக்கிறாள். எதிரே பச்சைப் புல்லில் இரண்டு கைகளை வீசிச் சுற்றும் பித்தளைத் தெளிப்பானைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்தப் புல்லில் கால் வைக்க அவளுக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. தாமஸ் தொட்டியிலிருந்து குழாய் இறக்கி, அதேபோல் நான்கு தெளிப்பான்களைப் பொருத்திக் கொடுத்தான். அந்த மழைக்காலம் முடியும்போது புல் கணுக்கால்வரை வளர்ந்திருந்தது.

1974 பிப்ரவரியில் தெளிப்பான்கள் மக்கர் செய்தன. சாயங்காலம் திறந்தால் சுற்றாமல், வாயோரத்தில் எச்சில் வடிவதுபோல வடிந்தன.

“கச்ராதான்க்கா” என்றான் தாமஸ். “ஊத்துத் தண்ணில செம்மண்ணு வரும். ஊசி விட்டுக் குத்துங்க.”

குத்தினாள். தொட்டி வாயிலிருந்த வலையைக் கழற்றித் தேய்த்தாள். வாஷர்களை மாற்றினாள். மேரி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாஷராக எடுத்துக் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

“வெயில் காலம், பானி கம்மி” என்றான் தாமஸ்.

“டங்கி தளும்புதே தாமஸ்” என்று தொட்டியைக் காட்டினாள்.

“தளும்பும்க்கா. ஃபோர்ஸ் இருக்காது.”

புல் ஓரங்களில் பழுத்தது. மேரி தினமும் இரண்டு வாளித் தண்ணீரை மேடேறித் தூக்கிவந்து ஊற்றினாள். “எங்க வீட்டுல பானி இருக்குக்கா. புல்லு பாவம்லா?” டியூட்டி முடித்து இடுப்பு வலியோடு வருகிறவள். வேண்டாமென்று எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டாள். இப்படி ஒருத்தி பக்கத்தில் இருக்கிறாளே என்று ஜெயலட்சுமி நினைத்துக்கொள்வாள்.

ஆனாலும் அவளுக்கு ஒன்று உறுத்தியது. விடிகாலையில் திறந்தால் தெளிப்பான்கள் நன்றாகச் சுற்றின. சாயங்காலம்தான் தகராறு. அழுக்கு அடைத்திருந்தால் காலையிலும் அல்லவா அடைத்திருக்க வேண்டும்?

ஒரு சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான்கு தெளிப்பான்களையும் கழற்றி, வாய்களை மூடிகளால் இறுக்கினாள். தொட்டிச் சுவரில் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்தாள். அரைமணி கழித்துப் பார்த்தால் தண்ணீர் நான்கு விரல் இறங்கியிருந்தது. குழாய் போகும் வழியெல்லாம் வெறுங்காலில் நடந்து பார்த்தாள். மண் எங்கும் காய்ந்து கிடந்தது. கசிவு இல்லை. அப்படியென்றால் தண்ணீர் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

தொட்டியடியிலிருந்து மண்ணைக் கொத்திக்கொண்டே வந்தாள். வேலியோரச் செம்பருத்திக்குக் கீழே குழாயை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ‘டீ’ (T) மூட்டு தட்டுப்பட்டது. அதிலிருந்து ஒரு புதுக் குழாய் சரிவில் இறங்கியது. மூட்டில் சணல் சுற்றி வெள்ளைக் களிம்பு பூசியிருந்தது. அவளுடைய தெளிப்பான்களின் மூட்டுகளிலும் அதே சுற்று, அதே பூச்சு.

குழாயின் போக்கிலேயே இறங்கினாள். கீழே தாமஸின் வெள்ளரிப் பாத்திகளில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் குழாயடியில் மேரி வாளி பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே கொண்டுவர வேண்டிய இரண்டு வாளிகள்.

“இது எந்தத் தண்ணி, மேரி?”

மேரி ஜெயலட்சுமியின் கைகளில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தாள். வாளி நிறைந்து வழிந்தது.

“அவருதான்க்கா... பயிரு கருகுதுன்னு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்.”

“எப்ப சொன்ன?”

“பொங்கல் கழிஞ்சு.”

“அப்போ இருந்து என் தண்ணியவே எனக்குத் தூக்கிட்டு வந்தியா?”

“மனசு கேக்கலக்கா. அதான் ரெண்டு வாளியாவது...”

“நான் ஒவ்வொரு ஓட்டையா குத்திட்டு இருந்தேன். நீ பக்கத்துல ஒக்காந்து வாஷர் எடுத்துக் குடுத்த. ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வந்து தொறந்துவுட்டிருப்பேனேடி.”

மேரி அழுதாள். ஜெயலட்சுமி வாளிகளைத் தொடாமல் மேலே ஏறிவந்தாள்.

மறுநாள் தாமஸ் வந்தான். “நானே பந்த் பண்ணிடுதேன்க்கா” என்றான். அவனைத் தொடவிடவில்லை. திங்கட்கிழமை அலுவலக ஒர்க் ஷாப்பில் ரென்ச் கேட்டு வாங்கிவந்து, புதுக் குழாயைக் கழற்றி எறிந்து, மூட்டின் வாயைத் தானே அடைத்தாள். அன்று சாயங்காலம் நான்கு தெளிப்பான்களும் சுற்றின. அவள் கதவருகிலேயே நின்றாள். புல்லில் இறங்கத் தோன்றவில்லை.

தண்ணீர் போனது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பழைய நாட்கள்தான் இம்சை செய்தன. மலேரியாக் காய்ச்சலில் கிடந்தபோது மேரி நெற்றியைத் துடைத்துவிட்டது, பாதித் தோசையைப் பிட்டுத் தட்டில் வைத்தது. அதெல்லாம் நிஜம்தான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொன்றையும் எடுத்துப் புரட்டி, அடியில் என்ன இருந்ததோ என்று பார்க்கும்படி ஆகிவிட்டது.

இரண்டு வருடம் பேச்சு இல்லை. பிறகு தாமஸுக்கு வேறொரு தீவில், ஹட் பேயில் வேலை கிடைத்தது. கப்பலுக்கு முந்தின நாள் மேரி கேட்டண்டை வந்தாள். தலையில் நரை ஓடியிருந்தது.

“நாளைக்குப் போறோம்க்கா.”

“கேள்விப்பட்டேன்.”

“ஒடம்பப் பாத்துக்கோங்க.”

“சரி.”

உள்ளே வா என்று கூப்பிடத்தான் ஜெயலட்சுமி நினைத்தாள். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. மேரி கேட்டின் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள்.