நிக்கனோரின் நாக்கு

கல்லைக் கையில் எடுத்தால் முதலில் ஊதுவார், அடுத்து நக்குவார், அப்புறம்தான் வெயிலில் பிடித்துப் பார்ப்பார். ஈரம் பட்டால்தான் கல் தன் நிறத்தைக் காட்டுமாம். எங்கள் சான் கஸ்பார் ஊரில் நிக்கனோர் ரென்டெரியா நக்காத கல் மாதா கோயில் வாசற்படி ஒன்றுதான். அதற்கும் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஸ்பெயின்காரன் தோண்டிய பழைய வெள்ளிச் சுரங்கத்தின் வேலியை ஒட்டி அவருடைய நிலம். கள்ளியும் ஆடும் காற்றும்தான் விளைச்சல். "வேலியப் பாத்ததும் வெள்ளி பயந்து நின்னுடுமா மச்சான்? நேரா என் நெலத்துக்குள்ளதான் வருது" என்பார். முகம் மழிக்க மறந்தாலும் எல்லைக்கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்க மறக்க மாட்டார். மே மாதச் சிலுவைத் திருநாளில் சுரங்கக்காரர்கள் குழிவாயில் சிலுவை நட்டுக் காகிதப்பூ கட்டுவார்கள். இவர் குழியே இல்லாத இடத்தில் நட்டுக் கட்டுவார்!

"ஊர்ல ஆம்பளைங்க சம்பாதிச்சுட்டு வராங்க. இந்த மனுஷன் வாய் நெறய மண்ணு கொண்டாராரு" என்பாள் மனைவி எர்னெஸ்டினா. அவள் அண்ணனின் சோளரொட்டிக் கடையில் மாவரைக்க ஆள் தேவைப்பட்டது. "இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லேன்னா கல்லொடைக்கிற சுத்தியலக் குடுத்துட்டு மாவரைக்கப் போகணும், ஆமா." சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார் மனிதர்.

துணிச்சலுக்குக் காரணம் இருந்தது. ஆட்டுப்பட்டி ஓரம் அவர் பொறுக்கிய கல்லில், சுரங்கக் கம்பெனி செய்த சோதனையில், வெள்ளி கொட்டிக் கிடந்தது. துளை போடலாமா என்று பார்க்க இன்ஜினியரம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். நான் என் மளிகைக் கடையைச் சாத்திவிட்டு ஓடினேன்.

அந்த அம்மாள் நிலத்தில் பல இடங்களில் தட்டிப் பார்த்தார். வெறும் சுண்ணாம்புக்கல். "அந்தக் கல்லு எங்க கெடச்சுது?"

"இதோ, இங்கதான்."

அவர் தரையை விட்டுவிட்டுப் பட்டிச் சுவரைப் பார்த்தார். அதில் ஒரு கல் விழுந்த பொந்து. "செவுரு யாரு கட்டினது?"

"எங்க தாத்தா."

"கல்லு?"

நிக்கனோர் மோவாயால் வேலிக்கு அந்தப் பக்கம் காட்டினார். பழைய சுரங்கத்துக் கழிவுக் குவியல். அதைக் கழுதையில் ஏற்றிவந்துதான் ஊரே வீடு கட்டியது. என் கடை உட்பட.

"ஐயா, வெள்ளி உங்க நெலத்துல இல்ல. செவுத்துலதான் இருக்கு."

வேடிக்கை பார்க்க வந்த நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. பாவம், எத்தனை வருட ஆசை!

சாயங்காலம் ஆறுதல் சொல்லப் போனேன். எர்னெஸ்டினா கையை நீட்டினாள். சுத்தியலைக் கொடுத்தார். அவருக்கு எட்டாத உயரத்தில் மாட்ட, முக்காலியில் ஏறி, அதே சுத்தியலால் அடுப்படிச் சுவரில் ஆணி அடித்தாள். அதுவும் தாத்தா கட்டிய சுவர்தான். ஒரு சில்லு தெறித்துத் தரையில் விழுந்தது.

"காலைல வெள்ளனே எந்திரிக்கணும், மாவரைக்கப் போகணும்" என்று திரும்பியவள் நின்றாள். "என்னய்யா வாயில?"

நிக்கனோர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.