கொன்சலின் மொழிபெயர்ப்பாளர்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ரொறன்ரோவில் அகதி விசாரணைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போய்வந்தேன். வீடு சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த எங்கள் சனத்துக்கு நடந்ததை ஆங்கிலத்தில் சொல்வதுதான் வேலை. முதல் வருடம் வீட்டுக்கு வந்து அழுவேன். இரண்டாம் வருடம் அழுகை நின்றுவிட்டது. வேலை பழகிவிட்டது என்று நினைத்தேன்.

அங்கே சீனமொழிக்கு ஓர் அம்மா வருவார். அறுபத்தைந்தைத் தாண்டியவர். விசாரணை முடியும் நேரத்தில் கையை உயர்த்தி, "ஒரு சொல்லை விட்டுவிட்டேன், சேர்க்க அனுமதி வேண்டும்" என்பார். எல்லோரும் கோப்புகளை மூடியிருப்பார்கள். பெருமூச்சோடு திரும்பத் திறப்பார்கள்.

ஒரு மாசி மாதம் பனி கொட்டியதில் எங்கள் இருவரின் வழக்குகளும் பிந்தின. வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படி மல்லுக்கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். தன் தகப்பனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

தகப்பனும் மொழிபெயர்ப்பாளர்தானாம். தென்சீனத்தில் ஒரு துறைமுகப் பட்டினம். ஆனால் அவர் வேலை செய்தது சீன நீதிமன்றத்தில் அல்ல. சீனம் தோற்ற போர்களுக்குப் பிறகு எழுதிய பழைய ஒப்பந்தங்களின்படி, அங்கே குற்றம் செய்த வெளிநாட்டுக்காரனைச் சீன நீதிபதி தொட முடியாது. அவனுடைய நாட்டின் பிரதிநிதியான கொன்சல்தான் விசாரிப்பார். சட்டமும் அவர்களுடையது, மொழியும் அவர்களுடையது. காலையில் கப்பல் கடதாசிகளில் கையெழுத்து வைக்கிற அதே ஆள், வழக்கு நாளில் நீதிபதி. சாப்பாட்டு மேசையை ஒதுக்கித் துடைத்தால் அதுதான் நீதிமன்றம்.

"எங்கள் தெருவிலேயே இருந்தது அந்த வீடு," என்றார். "ஆனால் படியில் கால் வைத்தால் வேறு நாடு."

இந்த அம்மாவுக்கு எட்டு வயதாயிருந்தபோது ஒரு கப்பல் அதிகாரி சுமைகூலி ஒருவரை உதைத்து, கப்பலுக்கும் துறைக்கும் இடையிலிருந்த தண்ணீருக்குள் விழுத்திவிட்டான். கூலி செத்துப்போனார். பார்த்தவள் அவருடைய மனைவி. சோறு கொண்டு போயிருந்தாள். கொன்சலின் மேசைக்கு முன்னால் நின்று, நடந்ததை நீளமாகச் சொன்னாள். புருஷன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார், அப்போதுதான் அவன் உதைத்தான் என்றாள்.

கொன்சலுக்கு அலுத்துவிட்டது. "சுருக்கமாகச் சொல். விழுந்ததைக் கண்டாளா?" என்று கேட்டார்.

"விழுந்ததைக் கண்டாள்," என்று மட்டும் சொன்னார் தகப்பன்.

விபத்து என்று தீர்ப்பு. துறையில் குடித்திருந்ததற்கு ஒரு சிறிய தண்டம். அதிகாரி அதே கப்பலில் போய்விட்டான். அந்தப் பெண் பல நாட்கள் இவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். சண்டை பிடிக்கவில்லை. "ஐயா, கை கூப்பினதைச் சொன்னீர்களா?" என்று மட்டும் கேட்பாள். சொன்னேன் என்று தகப்பன் ஒவ்வொரு முறையும் பொய் சொன்னார். வேலையை விடவுமில்லை. வீட்டில் ஏழு வயிறுகள். அந்த நீதிமன்றங்களை ஒழித்துவிடும்வரை அங்கேயே இருந்தார். சாகக் கிடந்தபோதுதான் மகளிடம் உண்மையைச் சொன்னாராம்.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய்விட்டார். நான் உள்ளே போகும்போது என் பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவருக்கு மொழிபெயர்த்திருந்தேன். அவர் சொன்னது இது: "அவனை இழுத்துக்கொண்டு போகேக்கை அவன் வெறுங்கால். நான் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னாலை ஓடினனான். 'அம்மா வெயில், திரும்பிப் போங்கோ' எண்டுதான் கடைசியாச் சொன்னவன்."

நான் சொன்னது: "என் மகனை ராணுவம் பிடித்துச் சென்றது. பிறகு அவனைக் காணவில்லை."

என்னை யாரும் சுருக்கச் சொல்லவில்லை. அன்று அது மூன்றாவது வழக்கு. களைத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான். வெளியே வந்ததும் அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாச் சொன்னீர் பிள்ளை. உம்மட வாய்க்குச் சக்கரை போடவேணும்." அவருக்கு அகதி அந்தஸ்தும் கிடைத்தது.

சீன அம்மாவின் கதையைக் கேட்டதற்கு அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி ஸ்காபரோவுக்குப் போனேன். அந்தத் தாய் மகளோடு ஓர் அப்பார்ட்மென்ரில் இருந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். கதிரையில் உட்கார முன்னமே சொல்லிவிட்டேன்.

"அம்மா, நீங்கள் தம்பியைப் பற்றிச் சொன்னது முழுக்க நான் சொல்லேல்லை. செருப்பு, வெயில், ஒண்டும் சொல்லேல்லை."

"ஆனா எனக்குக் கடதாசி தந்தவையள்."

"ஓம். அதுக்கு விண்ணப்பத்திலை நீங்கள் எழுதிக் குடுத்ததே காணும்."

"அப்ப அவன் கடைசியாச் சொன்னது அங்கை ஒருத்தருக்கும் தெரியாதோ?"

தெரியாது என்று தலையசைத்தேன்.

"அரசாங்கப் புத்தகத்திலை அது எழுதிக் கிடக்கும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான், பிள்ளை. ஊரிலை ஒரு இடத்திலையும் எழுதேல்லை. பொலிசிலை கேட்டா, அப்பிடி ஒரு ஆளே இல்லையெண்டவங்கள். இஞ்சையெண்டாலும் கிடக்குதெண்டு நிம்மதியா இருந்தனான்."

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நான் அங்கேயே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அவரை மறுபடி சொல்லவைத்து, ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. திங்கட்கிழமை அவருடைய வழக்கறிஞரிடம் கொண்டுபோனேன். அவர் அன்பான மனிதர். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வழக்கு முடிந்துவிட்டது, வென்றும் விட்டோம், இனி இதைச் சேர்க்க இடமில்லை என்றார்.

பக்கங்களைத் தாயிடமே திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. "எந்த இடத்திலை அவன் கதைக்கிறான்?" என்று கேட்டார். காட்டினேன். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நான் போட்டுவாறன் என்று விடைபெற்றபோதும் நிமிரவில்லை.

சீன அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நீ போய்ச் சொன்னாய். என் அப்பா சொல்லவில்லை," என்றார். ஆறுதலுக்குச் சொன்னார் என்று தெரியும். எனக்கு ஆறவில்லை.

மூன்று வருடம் கழித்து அந்தத் தாய் மாரடைப்பில் போனார். உடலைப் பார்வைக்கு வைத்த இடத்துக்குப் போனேன். மகள் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், வந்திருந்த உறவுக்காரருக்கு என்னைக் காட்டினாள்.

"அம்மான்ரை கேசிலை அவவுக்காகக் கதைச்சவ இவதான்."

அவர்கள் எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.