மலையேறப் பேட்டரியா?

அஸ்ரிசால் காலையில் வண்டியைக் கிளப்பியதும் ஏறி உட்கார்ந்துவிட மாட்டார். டீசல் எஞ்சின் கடகடவென்று உறுமிக்கொண்டிருக்க, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி முட்டைத் தேநீரை நின்றுகொண்டே குடிப்பார். கை சுட்டால்தான் பயணம். "மனுஷனே எந்திரிச்சதும் ஓட மாட்டான், இரும்பு ஓடுமா?" என்பார். பாடாங் நகரத்தில் அவர் தெருக்காரர்கள் யாரும் அலாரம் வைப்பதில்லை.

சோலோக்கில் அரிசி பிடித்து வந்து பாடாங்கில் விற்கிறார். நடுவில் சித்திஞ்சாவ் மலை. லாரிகள் மூச்சு வாங்கி நிற்கும் கொண்டை ஊசி வளைவுகளில் மூட்டைகளோடு ஏறும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், மாப்பிள்ளைக் களை தோற்றுவிடும். ஆனால் அந்த உதறலும் டீசல் நெடியும் மனைவி எல்மியாதிக்கு ஆகவே ஆகாது. தைலத்தை முகர்ந்துகொண்டு, மடியில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்தாலும் பாதி மலையில் குடலே வாய்க்கு வந்துவிடும். மகள் யெஸிக்கு சோலோக்கில் டீச்சர் வேலை, தலைப்பிரசவம் நெருங்குகிறது. போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தாய் மனம் கிடந்து தவிக்கிறது. மலையை நினைத்தாலே அவளுக்குத் தலை சுற்றுகிறது.

இதற்கிடையில் அஸ்ரிசாலின் அக்காள் மகன் பழைய வண்டியைக் கேட்டுவிட்டான். மினாங் இனத்து வீடுகளில் அக்காள் பிள்ளை கேட்டதைத் தாய்மாமன் இல்லையென்று சொல்லிவிட்டு ஊரில் தலைகாட்ட முடியாது. ஆகவே புது வண்டி. டீசலா, ஹைபிரிட்டா? காப்பிக்கடை இரண்டாகப் பிளந்தது.

"உடா, ஹைபிரிட் வாங்குங்க. டீசலுக்கு வரிசையில நின்னு கால் கடுக்கிறதாவது மிச்சமாகும்."

"மழைக்கு ஊரே முங்குமே, அப்ப பேட்டரிக்கு யாரு நீச்சல் கத்துக் குடுக்கிறது?"

அண்ணன் என்ற பொருளில் ஊரே அவரை உடா என்கிறது, மனைவியும்தான். உடா டீசல் கட்சி. டோமினோ காயை மேசையில் அறைந்து, "மலையேறப் பேட்டரியா? அது டார்ச் லைட்டுக்குப் போடுறதுய்யா!" என்றார். கடை அதிரச் சிரித்தது.

அப்படிச் சொன்ன மனிதர் மறுநாளே ஹைபிரிட்டை ஓட்டிப் பார்க்கப் போய் நின்றார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. போனவர் சும்மா போகவில்லை. "காலி வண்டிய எவன் வேணா ஏத்துவான்" என்று அரிசி மூட்டைகளைப் பின்னால் அடுக்கிவிட்டார். விற்பனைக்கார இளைஞன் ரிஃபால் முகம் செத்துப்போய் நடு சீட்டில் உட்கார்ந்தான்.

அஸ்ரிசால் பொத்தானை அழுத்தினார். சத்தமில்லை. மறுபடி அழுத்தினார். "பாத்தியா எல்மி, கிளம்பவே மாட்டேங்குது!"

"கிளம்புச்சு உடா. நீங்கதான் திரும்ப அணைச்சிட்டீங்க" என்றான் ரிஃபால்.

எல்மியாதி சிரித்த சிரிப்பில் தைலக் குப்பி கீழே உருண்டது. அவர் இறங்கிப்போய் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். பச்சைத் தண்ணீராய்க் கிடந்தது. நம்பிக்கையில்லாமல்தான் ஏறினார்.

மலை தொடங்கியது. முதல் வளைவில் எஞ்சின் மெல்ல முனகிப் பேட்டரியோடு சேர்ந்துகொண்டது. வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. அடுத்த வளைவு. அதற்கடுத்தது. எப்போதும் குமட்டல் கிளம்பும் இடம் நெருங்க நெருங்க அவர் ஒரு கண்ணை மனைவி மடிமேலேயே வைத்திருந்தார். அவளோ மரவள்ளிக் கிழங்கு வறுவலைப் பிரித்து நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்மி, ஒண்ணும் பண்ணலையா?"

"ரோட்டப் பாருங்க உடா, என் வாயப் பாக்காதீங்க!"

"ஏறுது! மூட்டையோட ஏறுது!" என்று ஸ்டீயரிங்கைத் தட்டினார். இத்தனை நாள் கட்டிக்காத்த கட்சி கண்ணெதிரே தோற்றுக்கொண்டிருந்தது. அவருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

உச்சியில் சாலை அகன்றது. "இங்க திருப்பிடலாம் உடா, அடுத்தவங்க ஓட்டிப் பாக்கக் காத்திருக்காங்க" என்றான் ரிஃபால். அஸ்ரிசால் வலது பக்க சிக்னல் விளக்கைப் போட்டார். எல்மியாதி கண்ணாடியோடு முகத்தை ஒட்டி, மறுபக்கம் வளைந்து இறங்கும் சாலையையே பார்த்தாள்.

"இனிமே யெஸி வீடு வரைக்கும் இறக்கந்தானே?" என்றாள்.

"உடா, ஷோரூம் நமக்குப் பின்னாடி..." என்று ஆரம்பித்தான் ரிஃபால்.

அஸ்ரிசால் விளக்கை அணைத்துவிட்டு, வண்டியை சோலோக் பக்கம் விட்டார்.